நம்பரைச் சொல்லுங்கப்பா!

பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இப்போதும் தூங்கலாம், எழுப்ப மாட்டேன். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் தாண்டியோ இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரை இணையம் வழியாகவே உள்ளே புகுந்து சரிசெய்து கொடுக்கிறவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும். இது உங்கள் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு. பாராட்டு என்று நினைத்து லைக் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அன்று எங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும், ஓய்வூதியர் சங்கத்துக்காக எழுதிவைத்திருந்த ஒரு மனுவைப் பிரிண்ட் எடுக்கலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். பிரிண்டர் அசையவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு சிங்கப்பூரில் இருக்கும் பெரியவனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். அங்கே அப்போது பதினொன்றரை. வாரம் முழுக்க உழைத்துவிட்டுப் படுக்கப் போகிற நேரம். அதையும் சொல்லிவிட வேண்டும், அவன் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. "அப்பா, அந்த ரிமோட் ஐகானைத் திறங்க. நம்பரைச் சொல்லுங்கப்பா" என்றான்.

நம்பர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சர்வரோடு இணைய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. படித்துக் காட்டினேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். "தம்பி, கீழ் மூலையில தேதி தப்பாக் காட்டுதுப்பா. 2015 ஜனவரி 1-ன்னு இருக்கு."

"அது கெடக்கட்டும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

ரூட்டரை அணைத்தேன். அதே வைஃபையில்தானே வாட்ஸ்அப் ஓடுகிறது? அவன் குரலும் சேர்ந்து அணைந்துபோனது. மூன்று நிமிஷம் கழித்து அவனே கூப்பிட்டான். மறுபடி அதே ஐகான், அதே காலி இடம். மறுபடி ரூட்டர். இப்படி மூன்று தடவை. பிறகு அந்த மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கச் சொன்னான். இறக்கும் பக்கமே திறக்கவில்லை, பாதுகாப்பில்லாத இணைப்பு என்று எச்சரித்தது. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னான், நிறுத்தினேன். ஒன்றரை மணி நேரம் போன பிறகு, தூக்கக் கலக்கத்தில் ஒரு கேள்வி கேட்டான்: "அப்பா, நீங்க என்னத்தத் தொட்டீங்க?"

முப்பத்து மூன்று வருஷம் பௌதிகம் நடத்தியவனிடம் கேட்ட கேள்வி அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. "சரிப்பா, நீ தூங்கு" என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையன் வந்தான். நாற்காலியில்கூட உட்காரவில்லை. நின்றபடியே திரையைப் பார்த்தான். "சார், செல்லு போச்சு" என்றான். பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் இருந்த CR2032 என்ற செல்லை மாற்றினான். தேதியைத் திருத்தினான். ரிமோட் மென்பொருள் நம்பரைக் காட்டியது, இணையப் பக்கங்கள் திறந்தன. பிரிண்டரில் பழைய வேலை ஒன்று வரிசையில் சிக்கிக்கிடந்தது, அதையும் எடுத்துவிட்டான். மொத்தம் பத்து நிமிஷம்.

இதில் பௌதிகம் ஒன்றும் பெரிதாக இல்லை. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதன் கடிகாரம் ஓடுவது அந்தச் சின்ன செல்லால்தான். சுவர் ஸ்விட்ச் போட்டே இருக்கும்வரை செல் தளர்ந்திருப்பது வெளியே தெரியாது. ஒரு நாள் முழுக்க மின்சாரம் போனால் கடிகாரம் பல வருஷம் பின்னால் விழுந்துவிடும். இன்றைக்கு இணையத்தில் எந்தச் சர்வரோடு பேசினாலும் அது முதலில் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். 2015-இல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பிறக்காத குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். எப்படி ஏற்கும்? இணைப்பை மறுத்துவிடும். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளும் என்றும் நம்ப முடியாது. பாவம், ரூட்டர் என்ன தப்புச் செய்தது?

நான் செல்லைப் பற்றிப் புகார் சொல்ல வரவில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கண் இருந்தது, அது என் கண். அந்தக் கண் முதல் நிமிஷத்திலேயே சரியானதைப் பார்த்தது, வாய்விட்டுச் சொன்னது. கேட்பதற்குத்தான் ஆளில்லை. பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் உங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன்? முதலில் காண்பதை எழுது, அப்புறம் ஊகம். ஊகத்தை முதலில் எழுதிவிட்டுக் காண்பதை அதற்கு ஏற்றபடி வளைத்தவர்களுக்கு நான் மார்க் போட்டதே இல்லை.

இந்தத் தொலைதூர உதவி எங்கெங்கே அறுந்துபோகிறது என்று கடந்த சில வாரங்களாக நானே உட்கார்ந்து பார்த்தேன். சங்கத்து நண்பர்கள் நான்கைந்து பேர் வீட்டிலும் போய்ப் பார்த்தேன். அநேகமாக எல்லா இடத்திலும் "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியல" என்று தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. குற்றம் பாதிக்குப் பாதி அந்தப் பக்கத்தில் இருந்தது.

குறியீடு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரியான மென்பொருள்களில் உதவி கேட்பவர் திரையில் நம்பர் இருக்கும், அதை உதவுகிறவருக்குச் சொல்ல வேண்டும். விண்டோஸோடு வரும் குயிக் அசிஸ்டில் நேர் எதிர். உதவுகிறவர்தான் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து குறியீடு வாங்கிச் சொல்ல வேண்டும், நாங்கள் அதை அடிக்க வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம்தான் ஆயுள். நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாற்றி மாற்றி உபயோகிக்கும் பிள்ளைகள் இந்தத் திசை வித்தியாசத்தை ஒரு தடவையாவது சொன்னதுண்டா? நண்பர் ஒருவர் குயிக் அசிஸ்டைத் திறந்து, "உதவி செய்" என்ற பொத்தானை அழுத்திவிட்டு, அது கேட்ட கணக்கும் கடவுச்சொல்லும் தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் உதவி பெறுகிறவர், அவருக்குக் கணக்கே தேவையில்லை. மகனோ போனில் "பாஸ்வேர்டை மறந்துட்டீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

என்னைப் போல தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறவர்கள் வீட்டில் வேறு கூத்து. குறியீட்டில் ஆங்கில எழுத்து இருந்து, விசைப்பலகை தமிழில் நின்றுவிட்டால் பெட்டியில் என்ன விழும்? விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். சொன்னால் எங்களுக்குப் புரியும். "தப்பா அடிக்கிறீங்க" என்றால் அதையே இன்னும் நிதானமாகத் தப்பாக அடிப்போம்.

அப்புறம் உன் லேப்டாப். ஆமாம், உன்னுடையது. அது அலுவலகம் கொடுத்தது. இந்த மாதிரி மென்பொருள்களைப் பல அலுவலகங்கள் அடைத்துவைத்திருக்கின்றன, நியாயமான காரணத்துக்காகத்தான். நீ வி.பி.என்.-க்குள் உட்கார்ந்துகொண்டு, இங்கே அம்மாவை மோடத்தைப் பிடுங்கிச் செருகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இணைப்புக்கு இரண்டு முனை உண்டு என்பதை எட்டாம் வகுப்பில் மின்சுற்று நடத்தும்போதே சொன்னேன்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இணைப்பு கிடைத்தும் அந்தப் பக்கம் வெறும் பின்னணிப் படம்தான் தெரியும், இல்லாவிட்டால் மவுஸ் நகராது. திரையைப் பதிவுசெய்யவும், கம்ப்யூட்டரை இயக்கவும் அந்த மென்பொருளுக்குத் தனித்தனியே அனுமதி கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து திரைக்கான அனுமதியும் கட்டாயமாகிவிட்டது. அதைக் கொடுக்க வேண்டிய கை இங்கேதான் இருக்கிறது.

விண்டோஸில் நிர்வாகி அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும்போது, பல மென்பொருள்களில் உதவுகிறவரின் திரை கறுத்துப்போகும் அல்லது உறைந்துபோகும். "கட் ஆயிடுச்சு" என்று அவன் வைத்துவிடுகிறான். இங்கே அந்தப் பெட்டி "ஆமாமா, இல்லையா" என்று கேட்டுக்கொண்டு காத்திருக்கிறது. எதை அழுத்துவது என்று தெரியாமல் ஒரு அம்மா பதினைந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐ.டி. துறையில் இருக்கும் என் உறவுப் பையன் ஒருவனுக்குத் தனியாக ஒரு திட்டு. அலுவலகப் பழக்கத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பையே போடப் பார்த்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் ஹோம், அதில் அந்த இணைப்பை ஏற்கும் வசதியே கிடையாது. அதைக் கவனிக்காமல் ரூட்டரில் 3389 என்ற வாசலை உலகத்துக்குத் திறந்துவைத்தான். இங்கே பல நிறுவனங்கள் நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான் தருகின்றன, அதனால் வெளியிலிருந்து அந்த வாசலுக்கு வந்து சேரவும் முடியாது. வந்து சேர முடிந்திருந்தால் இன்னும் மோசம். காம்பவுண்ட் கேட்டைத் திறந்துபோட்டு ஊருக்குப் போன கதை. இன்றைக்கே மூடிவிடு தம்பி.

இதுவரை சொன்னது எரிச்சல். இனிமேல் சொல்வதுதான் என் வயிற்றைக் கலக்குவது.

என்னோடு பணிபுரிந்து தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், உங்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அவ்வளவு கறாரான மனிதர். இந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைத் தொடர்புகொள்ளவும். கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒருவன் ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னான். "நம்பரைச் சொல்லுங்க சார்" என்றான். சொன்னார். "அனுமதிக்கவும்னு வரும், அழுத்துங்க சார்" என்றான். அழுத்தினார். பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பதிவைச் சரிசெய்யலாம் என்றான். அவர் வங்கிக் கணக்கில் நுழைவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

நான் போய்ப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டே ஒன்று சொன்னார். "அவன் பொறுமையாப் பேசினான் சார். நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன், கோபமே படல. எங்க இருக்குன்னு தெரியலைன்னேன், 'பரவாயில்ல அய்யா, மெதுவாப் பாருங்க'ன்னான். எம் புள்ளகூட அப்படிப் பேசினதில்ல."

பிள்ளைகளா, இந்த வரியை இரண்டாவது தடவை படியுங்கள்.

ஐகானைத் திற, நம்பரைச் சொல், அனுமதியை அழுத்து, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ எதையும் தொடாதே. இந்த ஐந்து கட்டளைக்கும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய எங்களைப் பழக்கியது யார்? திருடன் ஒரே நாளில் பழக்கவில்லை. வருஷக்கணக்கில் நீங்கள் பழக்கிவைத்தீர்கள். அவன் வந்து அறுவடை செய்துவிட்டுப் போனான். ஆட்களின் திரைக்குள் புகும் எனிடெஸ்க் மாதிரியான மென்பொருள்கள் வழியாகப் பணம் களவு போகிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. மென்பொருளின் மேல் குற்றமில்லை, கத்தியால் காயும் நறுக்கலாம். ஆனால் அந்தக் கத்தியை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, எந்தப் பக்கம் கூர்மை என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

"அப்பா, எனக்கு ஏது நேரம்? ரெண்டு நிமிஷத்துல நானே முடிச்சிடுவேன், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா அரை மணி நேரம் ஆகும்" என்பீர்கள். கணக்கு எனக்கும் தெரியும். அதே இரண்டு நிமிஷத்தை மாதம் மூன்று தடவை, வருஷம் பூராவும் செய்கிறீர்களே, அதையும் கூட்டுங்கள். நானும் உத்தமன் இல்லை. கரும்பலகையில் திணறிக்கொண்டு நின்ற பிள்ளையின் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கி, மணி அடிக்கப் போகிறதே என்று நானே கணக்கைப் போட்டு முடித்ததுண்டு. அந்தப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு கடைசிவரை வரவில்லை. யாரென்று நினைவிருக்கிறது, இதைப் படிப்பான், மன்னிக்கட்டும்.

"ஒரு நிரந்தர பாஸ்வேர்டு போட்டுவிடுகிறேன், நீங்கள் எதையும் அழுத்தவே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கு நான் எதிரி. நான் வங்கிக் கணக்கு பார்க்கும்போது, டைரி எழுதும்போது, யாராவது உள்ளே வரலாம் என்ற கம்ப்யூட்டர் என் கம்ப்யூட்டர் இல்லை. மகனாகவே இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கும்பகோணத்தில் என் சின்னம்மா படுத்த படுக்கை, கை வராது. பேத்தி தினமும் வெளியிலிருந்தே பாட்டுப் போட்டுவிடுகிறாள், பேரக்குழந்தைகளின் முகத்தைக் காட்டுகிறாள். அங்கே அது தேவை. அந்தக் கம்ப்யூட்டரில் வங்கி விவரம் எதுவும் இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற எங்களுக்கெல்லாம் கை நன்றாகவே வேலை செய்கிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, மென்பொருளில் ஏதாவது ஒன்றை முடிவுசெய்யுங்கள், ஒன்றே ஒன்று. நீங்கள் மாடியிலும் நாங்கள் கீழேயும் உட்கார்ந்து ஒரு தடவை இணைத்துப் பாருங்கள். எது உதவி பெறும் பொத்தான், குறியீடு யார் யாருக்குச் சொல்வது, எப்படித் துண்டிப்பது, எல்லாவற்றையும் எங்கள் கையால் செய்யவிடுங்கள். துண்டிக்கும் பொத்தானை முதலில் சொல்லிக்கொடுங்கள், அதுதான் முக்கியம். நானே வகுப்பு எடுத்தால் அதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இணைத்த பிறகு பார்ப்பதோடு நில்லுங்கள். குயிக் அசிஸ்டில் திரையைப் பார்க்க ஒரு அனுமதி, மவுஸைக் கையில் எடுக்கத் தனி அனுமதி. இரண்டாவதைக் கேட்காதீர்கள். "மேலே இடது பக்கம் மூணு கோடு இருக்கே, அதை அழுத்துங்கப்பா" என்று வாயால் சொல்லுங்கள். நாங்கள் தேடுவோம், தடுமாறுவோம், அழுத்துவோம். மூன்றாவது தடவை உங்களைக் கூப்பிட மாட்டோம்.

இணைப்பே வராவிட்டால், எதையும் அணைக்கச் சொல்வதற்கு முன் "திரையில என்ன தெரியுதுப்பா?" என்று கேளுங்கள். நாங்கள் படிப்பதை முழுசாகக் கேளுங்கள், தேதி உட்பட. மற்ற இணையப் பக்கங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு உங்கள் முனையைச் சந்தேகியுங்கள். அப்புறம் ரூட்டருக்கு வரலாம்.

வீட்டுக்கு வீடு இன்னொரு ஒப்பந்தமும் வேண்டும். உதவி வேண்டுமென்றால் நாங்கள் உங்களைக் கூப்பிடுவோம். எங்களை யாராவது கூப்பிட்டு உதவி செய்கிறேன் என்றால், அது உங்கள் குரலாகவே இருந்தாலும் வைத்துவிட்டு, எங்களிடம் இருக்கும் உங்கள் எண்ணுக்கு நாங்களே திருப்பிக் கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ளக் கூடாது. இணைப்பில் இருக்கும்போது வங்கிப் பக்கத்தைத் திறக்க மாட்டோம், பிள்ளைகளே கேட்டாலும். உதவுகிறவர் திரை கறுத்தால் பரவாயில்லை என்று மேலே சொன்னேன். எங்கள் திரை கறுத்தால் கதை வேறு. சில மென்பொருள்களில் அந்தப் பக்கத்து ஆள் என்ன செய்கிறான் என்று தெரியாமல் இந்தத் திரையை மறைத்துவிட முடியும். அப்படி நடந்தால் யோசிக்காமல் மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். என் நண்பர் மகனுக்குச் சொல்லப் பயந்து இரண்டு நாள் மறைத்துவைத்திருந்தார். எழுபது வயதில், தலைமையாசிரியராக இருந்தவர், பெற்ற பிள்ளை திட்டுவானே என்று பயந்திருக்கிறார். அந்த இரண்டு நாளில் பணத்தைப் பிடித்து நிறுத்தும் வாய்ப்பும் போய்விட்டது.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சங்கத்து நண்பர்கள் ஆறு பேர் லேப்டாப்போடு வருகிறார்கள். ஒருவருக்கொருவர் இணைத்துப் பார்க்கப் போகிறோம். உள்ளூரில் இருக்கும் மாணவர்கள் யாராவது வந்தால் சந்தோஷம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், மவுஸைத் தொடக் கூடாது. காபியும் பக்கோடாவும் உண்டு.

பெரியவன் இதைப் படித்ததும் போன் பண்ணுவான். தம்பி, தேதி இப்போது சரியாக இருக்கிறது, மனுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. சாதாரண போனில் கூப்பிடு, வாட்ஸ்அப் வேண்டாம். ரூட்டரை அணைக்கச் சொன்னாலும் சொல்வாய்.